வெள்ளி, அயோடின், லாந்தனம்

நம் வகுப்புக் குழுவில் இந்த வாரம் முழுக்க ஒரே கட்டங்கள். யாருடைய பேரனோ கைப்பேசியில் ஏதோ ஒன்றைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் வேதியியல் தனிமங்களின் குறியீடுகளைக் கொண்டே அதை எழுதிக் காட்டுகிறதாம். பெயர் வந்தவர்கள் கைதட்டுகிறீர்கள். வராதவர்கள் அழுகிற பொம்மை போடுகிறீர்கள். காலையில் எழுந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்து, காபி ஆறுவதற்குள் குழுவைத் திறந்தால் அதற்குள் எழுபது செய்தி. எனக்கு இதையெல்லாம் பார்க்கவே அலுப்பாக இருக்கிறது. இந்த விளையாட்டை நாம் ஒன்பதாம் வகுப்பிலேயே விளையாடி முடித்துவிட்டோம் என்பது ஒருத்திக்கும் நினைவில்லை போல.

நேற்று ஒருத்தி கேட்டாள், "நம்ம ஜரிகை எங்கப்பா இருக்கா? ஆளையே காணோம்." உடனே சிரிக்கிற பொம்மைகள். இன்னொருத்தி, "அவ பேரு என்னாடி? மறந்தே பூட்டுது." அதற்குக் கீழே, "பேரே ஜரிகைதான்." மறுபடியும் சிரிப்பு.

நான் பதில் போடவில்லை. ஒற்றை விரலால் தட்டுகிறவள் நான். இதற்குப் பதில் ஒரு வரியில் அடங்காது. சந்திப்பு விழா மலருக்கு ஆளுக்கொரு பழைய நினைவு எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் அல்லவா, அதற்காகவே இதை உட்கார்ந்து எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

நம் பள்ளியின் வேதியியல் அறையை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றமும் பினாயில் வாசனையும் சேர்ந்து அடிக்கும். மேசையெல்லாம் அமிலம் பட்ட ஓட்டைகள். சுவரில் தனிம அட்டவணை. அதன் கீழ்ப் பாதியைப் பூச்சி அரித்திருக்கும். அந்த வருடம்தான் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். முதல் வேலை. தெற்கே திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியாக, எப்போதும் தூங்காதவர் மாதிரியான கண்களோடு, சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். காஞ்சிபுரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலும் இட்லியும்தான். மற்றதைத் தெரிந்துகொள்ள யாரும் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

குறியீடுகள் நம் மண்டையில் ஏறவே இல்லை. வெள்ளிக்கு ஏன் ஏஜி, இரும்புக்கு ஏன் எஃப்இ என்று கேட்டுக் கேட்டு அவரைக் களைப்படையச் செய்தோம். ஒருநாள் அவர் திரும்பி நின்று, "உங்க ஊர் அம்மன் பேரைச் சொல்லுங்க, எழுதறேன்" என்றார். கரும்பலகையில் பொட்டாசியம், அமெரிசியம், அஸ்டடின், கார்பன், ஹைட்ரஜன், அயோடின் என்று வரிசையாகக் குறியீடுகளை எழுதிவிட்டுச் சேர்த்துப் படிக்கச் சொன்னார். காமாட்சி வந்துவிட்டாள். வகுப்பே கைதட்டியது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

அதோடு விட்டோமா? பார்வதி வந்தாள். சரஸ்வதி வந்தாள். லட்சுமியை எப்படிப் போட்டுப் பார்த்தும் வரவில்லை. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வருகிற ஐயங்கார் வீட்டுப் பெண் பெருமாளைப் போடச் சொன்னாள். பாதி வந்து நின்றுவிட்டது. தனி எம்முக்குத் தனிமமே இல்லை. அவள் அன்று மதியம் சாப்பிடாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். "இந்த அட்டவணைய எழுதனவரு யாருடி? சைவரா?" என்று கேட்டாளே, அது மட்டும் உங்களில் யாருக்காவது நினைவிருக்கும்.

பிறகு அவரவர் பெயர். என் பெயரில் ஜே இருக்கிறது. ஜேக்கு உலகத்தில் எந்தத் தனிமமும் கிடையாது. முதல் எழுத்திலேயே தோற்றுப்போய், அடுத்தவர்களுக்கு எழுத்துக் கூட்டிக்கொடுக்கிறவளாக ஆனேன். பெரும்பாலும் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத்தான். நீங்கள் ஜரிகை என்கிறீர்களே, அவளுக்கு.

அவள் பெயர் மூன்றே கட்டத்தில் வந்தது. வெள்ளி, அயோடின், லாந்தனம். டீச்சரே "என்ன அழகா உக்காருது பாரு" என்றார். அவள் அந்த மூன்று குறியீடுகளையும் உள்ளங்கையில் மையால் எழுதிக்கொண்டு, வியர்வையில் அழிய அழிய மறுபடி எழுதினாள்.

அந்த வருடம் மாசியில் அறிவியல் கண்காட்சி வந்தது. டீச்சர் ஒரு யோசனை சொன்னார். குறியீடுகளை வெறுமனே எழுதாமல், அந்தந்தத் தனிமம் இருக்கிற பொருளையே கொண்டுவந்து அட்டையில் ஒட்டிப் பெயரை எழுதுவது. சுத்தமான தனிமம் வேண்டாம், அது கலந்திருக்கிற பொருள் போதும். நல்ல யோசனைதான். நான் இன்றுவரை அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டு நெய்கிற ஊரில், தறிக்காரர் வீட்டுப் பெண்களிடம், "வெள்ளிக்கு என்ன, உங்க வீடெல்லாம் ஜரிகைதானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் பாருங்கள். வெளியூர்க்காரர் மட்டும்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அந்தச் சில வாரங்கள் ஊரே நமக்குத் தனிமமாகத்தான் தெரிந்தது. கரி எல்லார் வீட்டு அடுப்பிலும் இருந்தது. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு எடுத்தோம். நாட்டு மருந்துக் கடையில் கந்தகம். பொட்டாசியத்துக்கு என் அப்பாவின் உரக்கடைதான், கடைக்கு நம் வகுப்புப் பெண்கள் பொட்டலத்தோடு வந்து நிற்பதைப் பார்த்து அப்பா, "என்னாமா, எல்லாரும் பயிர் வைக்கப் போறீங்களா?" என்பார். சாமி ஊர்வலத்துக்கு கியாஸ் லைட் வாடகைக்கு விடுகிறவரிடம் போய், எரிந்துபோன மேன்டில் வலைத் துண்டை வாங்கி வந்தாள் ஒருத்தி. அதில் தோரியம் இருக்கிறதாம். யுரேனியம் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. அதற்கு டீச்சர் காலிக் குப்பி ஒன்றைக் கொடுத்து, "அரசாங்கத்துக்கிட்ட இருக்கு, நமக்குத் தர மாட்டாங்க" என்று சீட்டு ஒட்டச் சொன்னார்.

அவளுடைய அயோடினை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கொடுத்தார். பஞ்சில் நனைத்த டிங்சர், காய்ந்ததும் பழுப்பாகத் திட்டுப் படிந்தது. லாந்தனத்துக்கு நான் பொறுப்பு. சிகரெட் பற்றவைக்கிற லைட்டரில் தீப்பொறி கிளப்புகிற கல்லில் அது கலந்திருக்கும் என்று டீச்சர் புத்தகத்தில் பார்த்துச் சொன்னார். அப்பாவிடம் கேட்டேன். அவர் தன் லைட்டரைக் கழற்றி, அரிசி முனை அளவு தேய்ந்த கல்லை என் கையில் வைத்து, "பேரு முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடணும்" என்றார். மிச்சம் வெள்ளி.

உங்களில் பலர் தறி வீட்டுப் பெண்கள் இல்லை. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூலிக்கு நெய்கிற வீட்டில் தறி மட்டும்தான் அவர்களுடையது. தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலும் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. ஜரிகையை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். புடவை முடிந்ததும் புடவையை நிறுப்பார்கள், மீந்ததை நிறுப்பார்கள், அறுந்த துண்டுகளைக்கூட ஒரு துணிப்பையில் போட்டு வைத்துத் திருப்பித் தர வேண்டும். உருக்கினால் வெள்ளி அல்லவா? ஒரு துண்டு ஜரிகை தறிக்காரர் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தவழ்கிற குழந்தை வாயில் போட்டுக்கொண்டால்கூட விரலை விட்டு எடுத்துப் பையில் போடுவார்கள். இது அவளுக்குத் தெரியாதா? நடக்கப் பழகியதே தறிக்குழி ஓரத்தில்.

அதனால் அவள் தறிப் பக்கமே போகவில்லை. அவளுடைய அம்மாவின் கல்யாணப் புடவை ஒன்று கிழிந்துபோய், கடைசிப் பிள்ளைக்குத் தூளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவே கத்தரிக்கோலை எடுத்து, கரையில் விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். தூளிக்குள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"இது எங்கம்மா வூட்ல எடுத்ததுமா," என்றாள் அவள் அம்மா. "மேல இருந்த தங்கம் போயிட்டுது. உள்ள வெள்ளி அப்படியே இருக்குது பாரு. உனக்கு வெள்ளிதான வோணும்?"

கரையிலிருந்து இழை இழையாக உருவி, தங்கம் தேய்ந்து வெளுத்துப்போன அந்த ஜரிகையை ஒரு சின்னச் சுருளாகச் சுற்றினோம். நீல அட்டையில் ஒட்டினோம். ஒரு வெள்ளிச் சுருள், ஒரு பழுப்புத் திட்டு, ஒரு கறுப்புக் கல். அவ்வளவுதான் அவள் பெயர். எத்தனையோ கண்காட்சி பார்த்துவிட்டேன், அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த அட்டை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் லைட்டர் கல்லும் அதோடு போனது.

கண்காட்சியைத் திறந்துவைக்க வந்தவர் நம் ஊர்ப் பட்டு முதலாளி ஒருவர். பள்ளிக்கு பெஞ்சு செய்து கொடுத்தவர். வெள்ளை வேட்டி, ஜவ்வாது வாசனை, மெதுவான பேச்சு. ஒவ்வொரு மேசையாக வந்தார். களிமண் எரிமலையைப் பார்த்தார், தலையாட்டினார். நம் மேசைக்கு வந்து குனிந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். அவள் அட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்னாமா?"

"வெள்ளிங்க. ஏஜி."

"எந்த வூட்டுப் பொண்ணு நீ?"

அவள் அப்பாவின் பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். "உங்க பாவுதாங்க எங்க வூட்டுத் தறியில ஓடுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தங்கள் முதலாளி தன் பெயரைப் பார்க்கிறாரே என்ற சந்தோஷம் அவளுக்கு.

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றார். டீச்சரைப் பார்த்து, "இதெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாப்பீங்களா?" என்று கேட்டார். டீச்சர் உற்சாகமாக, "பண்ணலாம் சார், அமிலம் இருக்கு, வெள்ளி எவ்வளவு செம்பு எவ்வளவுன்னுகூடப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்" என்றார். முதலாளி மறுபடி அட்டைமேல் குனிந்தார். இரண்டு விரலால் அந்தச் சுருளை அட்டையிலிருந்து கிள்ளி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அட்டையில் பசையின் தடம் மட்டும் இருந்தது. நாங்கள் அதை வேடிக்கை என்று நினைத்தோம்.

மறுநாள் காலையில் இரண்டு ஆட்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். தறியில் பாதி நெய்த புடவை இருந்தது. பாவோடு சேர்த்து அறுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். ஜரிகைக் கட்டுகளையும் துண்டுப் பையையும் எடுத்துக்கொண்டார்கள். "பொண்ண வுட்டு ஜரிகையக் கடத்தறியா?" என்று ஒருவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். தறிக்காரன் வீட்டில் பாவு அறுக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவள்தான் என்னிடம் சொன்னாள். சத்தமே இருக்காதாம். கத்தி வைத்ததும் எல்லா இழையும் ஒன்றாகத் தொய்ந்துவிடுமாம்.

டீச்சர் விடுவதாக இல்லை. நியாயத்தை நிரூபித்தால் போதும் என்று நம்புகிற வயது அவருக்கு. அவள் அம்மாவின் தூளிப் புடவையிலிருந்து இன்னொரு துண்டும், தறிக்குழியைப் பெருக்கும்போது துடைப்பத்தில் மாட்டி வந்த ஜரிகைத் துண்டுகள் சிலவும் கொண்டுவரச் சொன்னார். முதலாளியின் ஜரிகை உண்மையிலேயே அந்த வீட்டு வாசலைத் தாண்டியது அன்றுதான்.

பள்ளி விட்ட பிறகு அவள் அப்பாவை வரச் சொல்லியிருந்தார். அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வாசல் பக்கமாகவே நின்றார். டீச்சர் இரண்டு கண்ணாடிக் குழாயில் இரண்டையும் போட்டு, நைட்ரிக் அமிலம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். பழுப்பு நிறத்தில் புகை வந்தது, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம். பழைய புடவைத் துண்டு கரைந்த குழாய் ஏறக்குறைய தண்ணீர் மாதிரியே இருந்தது. தறித் துண்டு கரைந்த குழாய் நீலமானது. பார்க்கப் பார்க்க நீலம் ஏறியது. பிறகு இரண்டிலும் உப்புத் தண்ணீர் விட்டார். முதல் குழாயில் தயிர் உறைந்த மாதிரி வெள்ளை திரண்டு இறங்கியது. நீலக் குழாயில் பேருக்குக் கொஞ்சம் கலங்கியது, அவ்வளவே.

"பாத்தீங்களா?" டீச்சர் இரண்டு குழாயையும் உயர்த்திக் காட்டினார். "உங்க மகளோடது நிஜ வெள்ளி. அவர் குடுக்கற ஜரிகைல பாதிக்கு மேல செம்பு. அவர்கிட்ட இல்லாத வெள்ளியை இவ எப்படி அவர்கிட்டருந்து திருட முடியும்? நானே வந்து சொல்றேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். எங்களைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்துவிட்டது.

அவள் அப்பா மேசைக்குப் பக்கத்தில் வந்து அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இதக் கழுவிடலாமா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

டீச்சருக்குப் புரியவில்லை. டீச்சர் பதில் சொல்வதற்குள் அவள் அப்பா இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் தொட்டியில் கவிழ்த்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து கழுவினார். விரல் போகாத இடத்தில் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினார். கழுவித் தலைகீழாக நிறுத்தி வைத்தார்.

"திருடினவனுக்கு மறுபடி பாவு கொடுப்பாங்கமா," என்றார். "நாலு வார்த்த திட்டுவாங்க, அப்பறம் கொடுப்பாங்க. இதப் பாத்தவனுக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் கொடுக்க மாட்டாங்க. நீங்க மாத்தலாயி போயிடுவீங்க. நாங்க இங்கயே இருக்கணும்."

 அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவள் அப்பா முதலாளி வீட்டுக்குப் போகும்போது, பேசுவதற்கு ஒரு பெரிய மனிதர் கூட இருக்கட்டும் என்று என் அப்பாவை அழைத்தார். உரக்கடைக்காரர் என்றால் கொஞ்சம் மரியாதை உண்டு. அவளும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் இருக்கிறாள் என்று நானும் ஒட்டிக்கொண்டு போனேன். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். கல்யாணப் புடவை எடுக்க வந்த யாரோ ஒரு குடும்பம் எதிரே. சுற்றிலும் புடவைகள் பிரித்துப் போட்டது போட்டபடி.

அவள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "பொண்ணு தெரியாம எடுத்துடுச்சிங்க," என்றார். "தறி ஜரிகதான். நாந்தான் கவனிக்கல. மன்னிச்சிடுங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்த வயதிலும் எனக்கு அதற்குத் தெம்பு இல்லை.

"கொழந்ததான, வுடு," என்றார் முதலாளி. "நாளைக்கே பாவு அனுப்பறேன். பொட்டப் புள்ளைக்கு நாலு எழுத்து வந்தாச்சு இல்ல? பள்ளிக்கூடம் போனாதான் இந்த மாதிரி கை நீளுது. தறியில ஒக்கார வை. உனக்கும் ஒத்தாசயா இருக்கும்."

"சரிங்க," என்றார் அவள் அப்பா.

வெளியே வந்து தேரடி வரைக்கும் நடந்தோம். பிறகு அவள்தான், "அது வெள்ளிப்பா. நீ பாத்தியே," என்றாள்.

"பாத்தேன்மா," என்றார். நடந்துகொண்டே இருந்தார்.

என் அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "என்னா பெருந்தன்மை அந்த மனுஷனுக்கு! போலீசுக்குப் போவாம வுட்டாரே" என்று வியந்து வியந்து சொன்னார். நான் குழாயில் பார்த்த நீலத்தைச் சொன்னேன். "சின்னப் புள்ளைங்க விளையாட்டெல்லாம் பெரியவங்க வெவகாரத்துல கொண்டாராத" என்றார். என் அப்பா கெட்டவர் இல்லை. வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று கடைசிவரை நம்பினவர்.

அவள் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். வராமல் போனவளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நீங்கள் ஜரிகை என்றீர்கள். முதலில் ரகசியமாக, பிறகு சத்தமாக, பிறகு அதுவே பெயராக. டீச்சர் அந்தக் கோடை விடுமுறையோடு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகிற அன்று கரும்பலகையில் ஏதோ எழுதிவிட்டு உடனே அழித்தார். என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

ரொம்ப காலம் நான் முதலாளி தப்பாகப் புரிந்துகொண்டார் என்றே நினைத்திருந்தேன். தங்கம் தேய்ந்து வெளுத்த ஜரிகையை, ஜரிகையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், புது ஜரிகை என்று எப்படி நினைப்பார்? அது தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தொட்டதுமே தெரிந்திருக்கும். இன்று இதைச் சோதிக்கிறவர்கள் நாளைக்குத் தன் ஜரிகையையும் சோதிப்பார்களே என்று, டீச்சரின் அமிலம்தான் அவரைப் பயமுறுத்தியது. இதை அவள் அப்பா உடனே புரிந்துகொண்டார். எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆனது. புரிந்து என்ன செய்ய? களைப்புதான் மிச்சம்.

போன மாதம் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். "பீரோவுல சும்மாதான கெடக்குது அத்த" என்று மருமகள் சொல்ல, என் கல்யாணப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெருந்தன்மையான மனிதரின் கடையிலேயே, அப்பா எனக்காகத் தேடித் தேடி எடுத்த அரக்குப் புடவை. அவன் கரையைக் கல்லில் உரசினான், ஏதோ சொட்டு விட்டான். "வெள்ளி ஒண்ணும் பெருசா இல்லமா. செம்புதான். வேணாம்" என்று மடித்துக் கொடுத்துவிட்டான். மருமகள் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புடவைக்காக இல்லை.

அந்தப் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஆமாம், எனக்கு வீடு தெரியும். அங்கேதான் இருக்கிறாள், அதே தெரு. நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கண் ஆபரேஷன் ஆன பிறகு தறியில் உட்காருவதில்லை. மகன் பைக் ஷோரூமில் வேலை. கட்டிலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். புடவையை மடியில் வாங்கி, நெய்தவரின் கைவாகு தெரிகிற, முந்தானை சேருகிற இடத்தைத் திருப்பிப் போட்டு விரலால் தடவினாள். இரண்டு முறை தடவினாள்.

"இது நான் நெய்ஞ்சதுமா," என்றாள்.

 நான், "செம்புன்னு தெரிஞ்சே நெய்ஞ்சியா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பின்ன? வெள்ளியா கொடுத்தாங்க? கொடுத்தத நெய்ஞ்சேன். யாரு கட்டிக்கப் போறான்னு தறிக்குத் தெரியுமா?" சொல்லிவிட்டு, புடவையை நன்றாக மடித்து என் கையில் கொடுத்தாள். "நெசவு நல்லாத்தான் இருக்குது. கட்டிக்க. கொறையே சொல்ல முடியாது."

காபி போட்டாள். குடித்தோம். சந்திப்பு விழாவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். "எதுக்கு? வந்தா அங்கயும் எவளாவது ஜரிகன்னு கூப்புடுவா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எத்தனையோ வருடமாகச் சொல்லிப் பழகின மாதிரி சொன்னாள்.

கைப்பேசியை எடுத்து உங்கள் விளையாட்டைத் திறந்தேன். அவள் பெயரைத் தட்டினேன். மூன்று கட்டம் வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். உடனே படித்தாள். "வெள்ளி. அயோடின். லாந்தனம்." பிறகு, "இன்னும் வருதா அது?" என்று கேட்டாள்.

"வருது," என்றேன்.

"நான் என்னமோ மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முறத்தை எடுத்து மறுபடி பயறு புடைக்க ஆரம்பித்தாள். 

முதலாளியின் மகனை விழாவுக்குத் தலைமை தாங்க அழைக்கலாம், சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்கிறார் என்று குழுவில் போட்டிருக்கிறீர்கள். அழையுங்கள், அவர் என்ன செய்தார் பாவம். நான் சண்டை போட வரவில்லை. எனக்கு அதற்கெல்லாம் இப்போது மூச்சு இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மலரில் என் பெயருக்கு ஒதுக்கிய இடத்தில் அவள் பெயரைப் போடுங்கள். என் பெயருக்குத்தான் தனிமமே கிடையாதே.

அவள் பெயர் அகிலா. ஜரிகை இல்லை. அவள் எதையும் எடுக்கவில்லை, அது அவள் அம்மாவின் வெள்ளி. விழா அன்று அவள் உள்ளே நுழையும்போது அந்தப் பெயரைச் சொல்லி எழுந்து வந்து கூப்பிடுவீர்கள் என்றால், கையைப் பிடித்து நான் அழைத்து வருகிறேன். இல்லையென்றால் எங்கள் இருவருக்கும் சாப்பாடு சொல்ல வேண்டாம்.